பூட்டியவர்தான் திறக்க வேண்டும்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் முதல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் குறைக்க மாட்டேன். இதுவரை நான் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் "வீட்டில் எல்லோரும் நலம்" என்று இருக்கும். அது அம்மா சொல்லி எழுதியது. எல்லோரும் என்றால் அம்மாவும் நானும்தான். நலம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். இனி அப்படி எழுத மாட்டேன். உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அலுவலக ஐயாவுக்கும் இதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஐயா, வணக்கம். இதில் உண்மையைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே எந்த வரியையும் மை பூசி மறைக்க வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

அப்பா, உங்கள் பூட்டு கிடைத்துவிட்டது.

இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் வக்கீல் அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டார். அம்மா ஈரக்கையோடு எழுந்து, "வாங்க, டீ போடறேன்" என்றார்.

"டீ எல்லாம் அப்புறம். முதல்ல நீங்க உட்காருங்க. விழுந்து கிழுந்து வைக்காதீங்க."

அரசு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வர்ணம் அடிக்கிறார்களாம். அலமாரிகளைக் காலி செய்யும் வேலை, அங்கே புதிதாகச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. உங்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தாரே, அதே அரசு வழக்கறிஞரின் அலமாரி. அடித்தட்டில், ஓடாத மேசை விசிறிக்குப் பின்னால், ஒரு காக்கி உறை. அதற்குள் வளையம் அறுபட்ட ஒரு பூட்டு. பூட்டில் நீல ரிப்பன். உறைமேல் உங்கள் வழக்கின் எண். லிஃப்ட் விழுந்த அன்றே அதைப் போலீஸ் எடுத்து முத்திரை வைத்திருக்கிறது.

அது என் ரிப்பன், அப்பா. எல்லார் பூட்டும் ஒரே மாதிரி இருக்கிறது, மற்ற மெக்கானிக்குகளின் பூட்டோடு கலந்துபோகிறது என்று நீங்கள் அலுத்துக்கொண்டபோது, என் பள்ளிக்கூட ரிப்பனில் பாதியை வெட்டிக் கட்டிவிட்டேனே. மறுபாதி என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

விசாரணையில் அந்த அரசு வழக்கறிஞர் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "லிஃப்ட்ல பிரேக் பிடிக்கலையாம். மெயின் சுவிட்சை அணைச்சு, பூட்டுப் போட்டுட்டுத்தான் பிரேக் ஷூ வாங்கப் போனாராம். சரி, அந்தப் பூட்டு எங்கே? காத்துல கரைஞ்சிடுச்சா? அதுவும் நீல ரிப்பன் கட்டின பூட்டாம்!" கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அந்த லிஃப்டில் செத்துப்போன டைப்பிஸ்ட் அம்மாவின் வீட்டுக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரு அறுத்தது?" என்று அம்மா கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

"அன்னைக்கு அந்த ஆபீசுக்கு மேலிடத்துல இருந்து ஆய்வுக்கு வந்தாங்க. வர்றவங்களை ஆறு மாடி ஏற விட முடியுமா? கட்டடத்துப் பெரிய அதிகாரி அறுக்கச் சொல்லியிருப்பார். ஆனா 'இருப்பார்'னு சொன்னா கோர்ட்ல எடுபடாது. பூட்டே இல்லைன்னு ஆக்கிட்டதால யாரும் விசாரிக்கவே இல்லை."

இனி வக்கீல் அக்கா இரண்டு வேலை செய்யப்போகிறார். உங்களுக்கு மறுவிசாரணை கேட்கப்போகிறார். அரசு வழக்கறிஞர் மீதும் அந்தப் பெரிய அதிகாரி மீதும் வழக்குப் போடப்போகிறார். பூட்டைக் கொண்டுவந்து கொடுத்த இளம் வழக்கறிஞரை மறுநாளே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். வழக்குப் போட எத்தனையோ அனுமதி வேண்டுமாம், அதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

அம்மா உங்களுக்குத் தனியாக எழுத மாட்டேன் என்கிறார். "என் புருஷனுக்கு நான் எழுதறதை இன்னொருத்தர் படிச்சு முத்திரை குத்தணுமா?" என்று கேட்கிறார். சிறை அலுவலக ஐயா மன்னிக்கவும். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நூலகத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். மூடும் நேரம் ஆகிவிட்டது. நூலகர் வாயால் எதுவும் சொல்ல மாட்டார், ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருவார். இதோ, என் மேசை விளக்கையும் அணைத்துவிட்டார்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 11

டீச்சரம்மாவுக்கு,

வழக்கமாகக் கடிதத்தைக் கம்பிக்குள் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை அலுவலக ஐயா கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "பொண்ணு நல்லா எழுதுதுய்யா. கொஞ்சம் பயமா இருக்கு" என்றார்.

பூட்டு கிடைத்ததைப் படித்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் அவ்வளவு உறுதியாகக் கேட்டாரா, இங்கே வந்து படுத்தபிறகு, நிஜமாகவே போட்டேனா, போட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டேனா என்று குடைய ஆரம்பித்துவிட்டது. தினமும் செய்கிற வேலையைக் கை செய்துவிடும், மனசு கவனிக்காது. அந்தப் பொம்பளையை நானே கொன்றுவிட்டேனோ என்று எத்தனை முறை நினைத்திருப்பேன். உன் ஒரு வரி அந்தப் பாரத்தை இறக்கி வைத்தது. அதற்குமேல் எது கிடைத்தாலும் எனக்கு லாபம்தான்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டால் தண்டனையை ரத்து செய்ய அவர்களே ஒத்துக்கொள்வார்களாம். அந்த வாரமே வீட்டுக்குப் போகலாமாம். பதிலுக்கு நான் யார்மீதும் வழக்குப் போடக் கூடாது, வக்கீல் போட்டிருப்பதையும் வாபஸ் வாங்க வேண்டும். பூட்டு என்ற பேச்சையே எங்கேயும் எடுக்கக் கூடாது. ஜூலையில் அந்த வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் போட வேண்டும். போடாவிட்டால் மறுவிசாரணையை எதிர்ப்பார்களாம். "வருஷக்கணக்குல இழுக்கும், யோசிச்சுக்குங்க" என்று அன்பாகச் சொன்னார்.

யோசித்தேன். போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது, கண்ணு. எனக்கு வீம்பு எல்லாம் தேய்ந்துபோச்சு. நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நீ போன மாதம் எழுதியிருந்தாய். அதற்கு ஒரு வாஷர் மாற்றினால் போதும். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது. அவள் சொல்கிறபடி செய்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வரி. இங்கே விளக்கை அணைப்பதே இல்லை. ராத்திரி முழுக்கத் தலைக்குமேல் எரிகிறது. வீட்டில் கடைசியாக விளக்கை அணைக்கிறவன் நானாகத்தானே இருந்தேன்? அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் எங்கேயாவது விளக்கை அணைத்த கதையோடு முடி. படித்துவிட்டு நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அப்பா


ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். தையல்காரர், டைப்பிஸ்ட் அம்மாவின் வீட்டுக்காரர். தீர்ப்பு வந்த அன்று நம் வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போனாரே, அவரேதான். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நிலைக்கு வெளியே நின்றுகொண்டே பேசினார்.

"தங்கச்சி, பூட்டு கிடைச்சிடுச்சாமே."

"ஆமாண்ணே" என்றார் அம்மா.

"அப்ப அவர் பூட்டித்தான் வச்சிருந்தாரு."

"ஆமாண்ணே."

பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார், பெரியவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாததைச் சின்னவர்களிடம் சொல்வார்களே, அந்த மாதிரி. "அவ லிஃப்ட்லயே போக மாட்டா பாப்பா. பயம். அன்னைக்கு முட்டி வலின்னா. நான்தான் சொன்னேன், பெரிய இவளாட்டம் படியேறாதே, லிஃப்ட்ல போயேன்னு. இத்தனை நாளா உங்கப்பனைத் திட்டிக்கிட்டே தூங்கிட்டேன். இனிமே யாரைத் திட்டறது? அறுத்தவன் யாருன்னு தெரிஞ்சா போதும். அவனை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பேரு தெரிஞ்சா போதும்."

நீங்கள் எழுதியிருந்த நிபந்தனையை அவரிடம் சொன்னேன். பூட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பதை. அவர் அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "அப்ப சரி"யை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அப்பா.

நூலகத்தில் சட்டப் புத்தகங்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படித்தேன். அரசு வழக்கறிஞருக்கு "விலக்குரிமை" என்று ஒன்று இருக்கிறதாம். கோர்ட்டில் தன் வேலையைச் செய்யும்போது அவர் என்ன செய்தாலும் அதற்காக அவர்மீது யாரும் வழக்குப் போட முடியாது. காரணமும் போட்டிருக்கிறது. தண்டனை பெற்றவர்கள் எல்லோரும் திரும்பி அவர்மீது வழக்குப் போட ஆரம்பித்தால் அவரால் பயமில்லாமல் வேலை செய்ய முடியாதாம். அதை இரண்டு முறை படித்தேன். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஆனால் பூட்டை விசிறிக்குப் பின்னால் வைப்பது எந்த வேலையில் சேரும்? அது கோர்ட்டில் செய்யும் வேலை இல்லையே, அலமாரியில் செய்யும் வேலை அல்லவா? வக்கீல் அக்காவும் இதைத்தான் வாதாடப்போகிறார்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கேள்வியை யாரும் எப்போதும் கேட்க மாட்டார்கள். எல்லாம் நடந்தபடி எழுதுவேன் என்று சொன்னேனே, அந்தக் கதையின் முடிவாக நான் எதை எழுதுவது? "அப்பா வாயை மூடிக்கொண்டார்" என்றா?

அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இந்த வாரம் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறார், களைத்துப்போய் வருகிறார். உங்கள் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து எழுதுகிறேன். வகுப்பு முடிந்துவிட்டது. காவலாளி பெரிய சுவிட்சைக் கீழே இழுத்து எல்லா விளக்கையும் ஒரே அடியில் அணைத்தார்.

உங்கள் அன்பு மகள்


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடுங்கள். இது கைக்கு வந்த உடனே போடுங்கள்.

எதையும் குறைக்க மாட்டேன் என்று எழுதிய நான் ஒன்றைக் குறைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போடச் சொல்லு" என்றார். நான் வாதாடினேன். தையல்காரரைப் பற்றிப் பேசினேன், நியாயம் என்று பேசினேன். அம்மா துவைத்த துணியை உதறுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உனக்கு நியாயம் வேணும். எனக்கு அவர் வேணும். நான் சொன்னதை அப்படியே எழுது."

நான் எழுதவில்லை. களைத்துப்போய் வருகிறார், பிறகு எழுதுகிறேன் என்று எழுதினேன். அது பொய் இல்லை, அம்மா களைத்துத்தான் வந்தார். ஆனால் அவர் சொன்னது தெரிந்தால் நீங்கள் போட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று எழுதாமல் விட்டேன்.

அம்மா நீங்கள் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். உங்கள் தலையணைக்கு உறை தைத்துவிட்டார். நேற்று சலவைக்கூடத்தில் நீராவிக் குழாயில் கை பட்டு முழங்கைவரை வெந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வலிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, "அவர் வந்ததும் சரியாப் போயிடும்" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வக்கீல் அக்கா வேறு வழக்குக்காக வெளியூர் கிளம்பும்போது என்னிடம் உண்மையைச் சொன்னார். "இந்த மாதிரி வழக்கு நின்னதை நான் பார்த்ததே இல்லைடா. முட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கப்பாகிட்டேயும் இதைச் சொல்லியிருக்கேன், முடிவு அவருடையது." ஊரில் இல்லாத அவரிடம் சொல்லி அனுப்பவும் வழியில்லை. விசாரணைக்கு முன்னால் பார்வை நாளும் இல்லை. இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது.

சிறை அலுவலக ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை இன்றே கொடுத்துவிடுங்கள். எந்த வரி பிடிக்கவில்லையோ அதை மை பூசிவிட்டுக் கொடுங்கள். முதல் வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள். ஜன்னலில் ஒருவர் மட்டும் எனக்காகக் காத்திருக்கிறார்.

உங்கள் மகள்


ஜூலை 3

டீச்சரம்மாவுக்கு,

நல்ல சட்டைக்காரர் மறுபடி வந்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தாளைக் கிழித்துப்போட்டு வீரம் எல்லாம் காட்டவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

உன் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நியாயம் என்று நீ எழுதியது எல்லாம் எனக்கு எட்டாத உயரம். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தையல்காரர்தான்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. மெயின் சுவிட்சில் ஒருத்தன் தன் பூட்டைப் போட்டால், அவன் வந்துதான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் தொடக் கூடாது. ஏனென்றால் பூட்டு என்பது வெறும் பூட்டு இல்லை. உள்ளே ஒரு உசிர் இருக்கிறது, கைவைக்காதே என்று சொல்கிற வாய் அது. நான் தொழில் கற்றபோது, ஒருத்தன் பூட்டை மாட்டிவிட்டு மறந்து வீட்டுக்குப் போய்விட்டான். கட்டடம் முழுக்கக் கத்தியது. ஒருத்தரும் அறுக்கவில்லை. ஆள் அனுப்பி, சாப்பாட்டிலிருந்து அவனை எழுப்பிக் கூட்டிவந்துதான் திறந்தார்கள். திறந்தபிறகு ஆளுக்கு ஒரு குத்து விட்டார்கள், அது வேறு கதை.

இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால், அன்றைக்கு அறுத்த பூட்டை நானே வந்து திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் எந்தச் சுவிட்சில் எந்த முகத்தோடு பூட்டு மாட்டுவேன்? எவன் அதை மதிப்பான்? அறுத்தாலும் அறுத்தவனை யாரும் கேட்பதில்லை என்று ஊருக்கே தெரிந்துபோகும்.

அம்மாவை நினைத்துத்தான் கடைசிவரை தயங்கினேன். வேண்டாம் என்றோ போடு என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ எழுதியிருப்பாய். நீதான் எதையும் குறைக்க மாட்டாயே. சட்டையை வெயிலில் போட்டிருக்கிறாள் என்றால், எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே?

அப்பா


ஜூலை 10

கண்ணு,

உன் ஜூலை 1 கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. வழக்குப் பேச்சு இருந்ததால் மேலே அனுப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்களாம். அலுவலக ஐயா தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தார். "நான் அன்னைக்கே அனுப்பிட்டேன்யா, மேலதான் கிடந்துச்சு" என்றார். மேலே யார் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியாதாம்.

நல்ல சட்டைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன், தாளைக் கொண்டுவாருங்கள் என்று. "ஒருமுறை வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று பதில் வந்துவிட்டது.

அம்மாவின் கைக்கு மருந்து போடுகிறாயா? கட்டை நனைய விடாதே.

உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கோபம் வந்தது, ஒரு மத்தியானம் இருந்தது, போய்விட்டது. நீ சின்னப்பெண். அந்த ஆளுக்கு மட்டும்தான் விலக்குரிமை இருக்க வேண்டுமா? உனக்கு என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள். இதைப் பற்றி இனி நமக்குள் பேச்சு வேண்டாம்.

அந்தக் கடிதத்தில் விளக்கு அணைந்ததா இல்லையா என்று சரியாகப் புரியவில்லை. ஜன்னலில் இருந்தவர் எப்போது அணைத்தார்?

அப்பா


ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

தோற்றுவிட்டோம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்தடுத்த வரியில் நீங்கள் அதைத் தேடக் கூடாது.

கோர்ட் அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் போய்விட்டார்கள். அம்மாவும் வக்கீல் அக்காவும் கீழே, தீர்ப்பின் நகலுக்கு நிற்கிறார்கள்.

காலையில் உங்கள் பூட்டை மேசைமேல் வைத்தார்கள். ரிப்பன் வெளுத்துவிட்டது. அரசு வழக்கறிஞர் அதைப் பார்க்கவே இல்லை. தன் வாட்டர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்காக வாதாட வந்தவர் எழுந்து, "வாதி சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்து அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோன சந்தோஷம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. அவர் மேலே பேசினார். பூட்டு இருந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதை அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தே ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்மீது வழக்குத் தொடர முடியாது. எந்தச் சாட்சியைக் காட்டுவது, எதை விடுவது என்பது வழக்கு நடத்தும் வேலையின் பகுதி.

இத்தனை நாளாக, உண்மையை நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்பா. அவர்கள் உண்மையோடு சண்டையே போடவில்லை. அதை ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள்.

வக்கீல் அக்கா நன்றாக வாதாடினார். அலமாரியைப் பற்றிச் சொன்னார். நீதிபதி கவனமாகக் கேட்டார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. "நடந்தது அநீதி. அதைத் தீர்ப்பிலும் எழுதுகிறேன். ஆனால் அதற்கு இவரைப் பதில் சொல்ல வைக்கும் அதிகாரத்தைச் சட்டம் எனக்குத் தரவில்லை" என்றார். பெரிய அதிகாரிமீது வழக்குத் தொடர அரசாங்கத்தின் அனுமதி வேண்டுமாம். அனுமதி கேட்ட மனு அரசாங்கத்தின் பரிசீலனையில் இருக்கிறதாம். இந்த அனுமதிப் பூட்டைப் போட்டவர்களிடம்தான் சாவியும் இருக்கிறது.

அப்போது பின்வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்துவிட்டார். கூப்பிடாமல் கோர்ட்டில் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும். "ஐயா, அறுத்தது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்" என்றார். சேவகர் அவர் தோளைப் பிடித்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அந்தக் கேள்வி இன்று என் முன்னால் இல்லை" என்றார். தையல்காரர் தனக்கு முன்னால் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அந்தக் கேள்வி அங்கே எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

வெளியே வராந்தாவில் அரசு வழக்கறிஞர் என் எதிரில் வந்தார். "நீதானே அந்த ரிப்பன் பொண்ணு? எந்த வகுப்பு படிக்கிறே?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லாப் படி" என்றார். அவரிடம் கேட்க எத்தனையோ கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "சரி சார்" என்று சொன்னேன். அதையும் எழுத வேண்டும், ஆகவே எழுதுகிறேன். பிறகு அவர் லிஃப்டில் ஏறிக் கீழே போனார்.

தையல்காரர் இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, "உங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்கலாம் பாப்பா. நான் கோவிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீல் அக்கா. மறுவிசாரணை மனு நிலுவையில் இருக்கிறது. எதிர்ப்போம் என்று அவர்கள் இன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார். அதுதான் பதில்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் ஜூலை 3 கடிதம் வந்த அன்றே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீயும் அலமாரியில வச்சுட்டியாடி?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோறு போடுகிறார், தலை வாரிவிடுகிறார். ஆனால் தலையணை உறையைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அப்பா, நீங்கள் கொடுத்த விலக்குரிமை எனக்கு வேண்டாம். திருப்பித் தருகிறேன். அந்த ஆள் அதை வைத்துக்கொண்டு வாட்டர் பாட்டிலைத் திறந்து மூடியதைப் பார்த்தேன். அப்படி உட்கார என்னால் முடியாது. எப்போது வந்தாலும் வந்து, எதிரில் உட்காரவைத்து, "ஏன் எழுதலே?" என்று கேளுங்கள். நான் பதில் சொல்கிறேன். என்னை ஒருவராவது கேட்க வேண்டும்.

தபால் நிலையத்தில் ஜன்னல்காரர், நான் கடிதத்தைப் போட்டபிறகு, படியிறங்கும்வரை காத்திருந்துதான் விளக்கை அணைத்தார். கேட்டிருந்தீர்களே.

சேவகர் சாவிக்கொத்தோடு வந்து நிற்கிறார். "என்னம்மா, பரீட்சையா எழுதறே? பூட்டணும், கிளம்பு" என்கிறார். ஒரே ஒரு வரி என்று கெஞ்சினேன். "எழுது எழுது" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சுகளின் பக்கம் போகிறார். முதலில் அணைந்தது நீதிபதியின் நாற்காலிக்கு மேல் இருந்த விளக்கு. அடுத்தது பூட்டு வைத்திருந்த மேசைக்கு மேல் இருந்தது. இப்போது என் பெஞ்சுக்கு மேல் இருப்பது ஒன்றுதான் பாக்கி.

அப்பா, விளக்கை அணைத்துவிட்டார்.